அணுகுண்டுக்கு முன்பே தோற்ற போர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இரண்டாம் உலகப் போர்க் கட்டுரையில், "ஹிரோஷிமாவில் குண்டு விழும்வரை ஜப்பானை யாராலும் அசைக்க முடியவில்லை" என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவர் இளைஞராக இருக்கலாம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாங்கள் பார்த்துத்தானே அச்சுக்குப் போயிருக்கும்? பசிபிக்கில் நடந்த மிட்வே கடற்போர் பற்றித் தாங்கள் அறியாதவரல்ல.

1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டா தீர்ந்துகொண்டிருந்த ஜப்பானியத் தளபதி யமஷிதா, தன் படையைவிடப் பெரிய பிரிட்டிஷ் படையைச் சரணடைய வைத்தார். ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு விழ, சென்னைவாசிகள் மூட்டை கட்டினார்கள். அந்த வேகத்தில் மயங்காதவர் குறைவுதான். ஆனால் அதே ஆண்டு ஜூனில் மிட்வேயில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. ஹிரோஷிமாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு!

மிட்வேக்கு முந்தைய மாதம் ஜப்பானியர் தங்கள் யமாட்டோ போர்க்கப்பலில் அந்தத் தாக்குதலை மேசைமேல் ஒத்திகை பார்த்தபோதே அகாகியும் காகாவும் மூழ்கியதாகக் கணக்கு வந்தது. ஒன்பது குண்டு விழுந்தது என்ற நடுவரின் தீர்ப்பை மூன்றாகக் குறைக்கச் சொன்னார் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் தலைமை அதிகாரி உகாகி. அகாகி பிழைத்தது. அப்போதும் மூழ்கிய காகா, அடுத்த கட்ட ஒத்திகையில் மறுபடி மிதந்தது. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருப்பவனுக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும்.

எண்ணெய்க்காகப் போருக்குப் போனவர்கள், எண்ணெய் ஏற்றிவரும் கப்பல்களின் காவலுக்கென ஒரு தனித் தலைமையகம் வைக்க 1943 நவம்பர் ஆயிற்று. அதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் வேட்டையைத் தொடங்கிவிட்டன. தேர்ந்த விமானிகளை அமெரிக்கா ஊருக்கு அழைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. ஜப்பான் சாகும்வரை போர்முனையிலேயே வைத்திருந்தது. முதல் அடியிலேயே எதிரி சமரசத்துக்கு வருவான் என்று போட்ட திட்டம் அது. வராவிட்டால்? ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டினால் தனக்கு நம்பிக்கை இல்லை என்று யமமோட்டோ போருக்கு முன்பே அன்றைய பிரதமர் கொனோயேயிடம் சொல்லியிருந்தார். கேட்டார்களா?

என் தகப்பனார் மலாயாவின் பேராக்கில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் அவரைச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனான். கணுக்காலில் குழிவிழுந்த புண் வடுவோடு திரும்பினார். 415 கிலோமீட்டர் பாதையை ஆளைக் கொன்று அவ்வளவு அவசரமாக ஏன் போட்டார்கள்? பர்மாவுக்குக் கடல்வழியே சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால்தான். அசைக்க முடியாதவனுக்கு எதற்கு ஐயா அந்தப் பாதை? அப்பாவின் தகரப்பெட்டியில் ஜப்பான்காரன் மலாயாவில் விட்ட, வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள் கட்டாகக் கிடந்தன. வரிசை எண்கூட இல்லாத நோட்டு. போர் முடியும் முன்பே அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று என்பார்.

இந்தச் சயாம் ரயிலைப் பற்றியே முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டுரையில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து போய் மாண்ட தமிழர்களுக்கு அரை வரியும் இல்லை. கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. சிங்கப்பூர் வீழ்ச்சி பற்றிய கட்டுரைக்கு எழுதியபோது, பிழை சுட்டிய பகுதியை வெட்டிவிட்டுப் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மனம் வலித்தது. அப்போதும் சந்தாவை நிறுத்தவில்லை.

மலாயாவில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுப் பழகிய ஜப்பானியர்கள், அதே நம்பிக்கையில் 1944-ல் மூன்று வார உணவோடு இம்பாலுக்குப் போனார்கள். கிடங்கு கைக்கு வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் பட்டினியிலும் நோயிலும் விழுந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பசிபிக்கில் ஜப்பான் வசமிருந்த சைபான் தீவு அமெரிக்காவிடம் பறிபோய், பிரதமர் டோஜோ பதவி விலகினார். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோ எரிந்தது. இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் அணுகுண்டு.

அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போதும். மிட்வே 1942, சைபான் 1944 என்று இரண்டு தேதிகளைப் போட்டு, அந்த வரி தவறு என்று சொல்லிவிடுங்கள். இடம் இருந்தால் சயாம் பாதையில் இறந்த தோட்டத் தமிழர்களைப் பற்றியும் ஒரு வரி. இந்த முறை கடிதத்தை வெட்டாமல் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நாகப்பட்டினம்