ராஜிக்கு, மூளை அலைப் பயிற்சி பற்றி

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வராந்தாவில் பேப்பர் படிக்கிறார். சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் இன்னும் முடிவாகவில்லை. நம் ஹாஸ்டல் வார்டன் அம்மா தவறிவிட்ட செய்தி உனக்கும் வந்திருக்கும். அவர் கையால் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை இட்லியை நினைத்துக்கொண்டேன்.

உன் பையன் கார்த்தி விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பேச்சுக்கும் சட்டென்று கொதித்துவிடுகிறான், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாள் கணக்கில் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் மையத்தில் மூளை அலைப் பயிற்சி எடுத்தால் கோபமும் பதற்றமும் போய்விடும் என்று சொன்னார்களாமே. காலமெல்லாம் மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தவள், நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். ஓய்வு பெற்ற பிறகு ஒரு உளவியலாளரின் பயிற்சி அறையிலும் உதவிக்குப் போய்க்கொண்டிருப்பதால், பார்த்ததையும் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பயிற்சியில் உண்மை இருக்கிறது. அது அந்த மையம் சொல்லும் இடத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

இ.இ.ஜி. அறையில் தினமும் நடப்பது இது. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நோயாளி படுப்பார். தலையில் பேஸ்ட் தடவி, அலையை எடுக்கும் மெல்லிய கம்பிகளான லீடுகளை ஒட்டி முடித்ததும் "கண்ணை மூடிக்கோங்க" என்போம். ஓரிரு நொடியில் பின்தலை லீடுகளில் சீரான ஓர் அலை எழும்பும், நொடிக்கு 8 முதல் 13 முறை. அதுதான் ஆல்ஃபா. கண்ணைத் திறக்கச் சொன்னால் மறைந்துவிடும். மூடியபடியே "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுட்டே வாங்க" என்றாலும் பலருக்கு அடங்கிப்போகும். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகே 1929-இல் வெளியிட்டார். ஆல்ஃபா என்று பெயர் வைத்தவரும் அவரே. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்கு, அவ்வளவு மெல்லிய மின்சாரம் அது. அதைக் காகிதத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்திதான் வந்திருக்கிறது.

அந்த அலை தானாக வந்து போகிறது என்றுதான் ரொம்ப நாள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1950-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ கமியா என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரிடம் அவ்வப்போது மணி அடித்து, இப்போது உனக்குள் ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா, ஊகித்துச் சொல் என்று கேட்டார். சொன்னது சரியா தவறா என்று உடனே தெரிவித்தார், வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. முதலில் குருட்டாம்போக்கில் சொன்னவர்கள் சில நாளில் பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு, கேட்டபோது ஆல்ஃபாவை வரவழைக்கவும் நிறுத்தவும் அவர்களால் முடிந்தது. எப்படிச் செய்தாய் என்றால் வார்த்தையில் விளக்கத் தெரியவில்லை. ராஜி, இந்தத் துறை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முதலில் தனக்குள் நடப்பதை ஒருவர் கண்டுகொள்கிறார். மாற்றுவது அதன் பின்னால் வருகிறது.

அடுத்தது பூனைக் கதை. லாஸ் ஏஞ்சலிஸில் பாரி ஸ்டெர்மன் 1960-களில் பூனைகளின் மூளை அலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். உணவுக்காக அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும் பூனையின் மூளையில் நொடிக்கு 12 முதல் 15 வரை ஓர் அலை தோன்றியது. அந்த அலை வரும்போதெல்லாம் பாலும் கோழிச் சாறும் கொடுத்தார். பூனைகள் அதை அதிகமாக வரவழைக்கக் கற்றுக்கொண்டன. பிறகு வேறொரு வேலையாக, ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க அவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினார். அந்த நச்சு வலிப்பை உண்டாக்கும். பயிற்சி பெற்றிருந்த பூனைகள் மற்றப் பூனைகளைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தன. அதிலிருந்துதான் வலிப்பு நோயாளி ஒருவருக்கு இதே பயிற்சியைக் கொடுத்து 1972-இல் அவரும் சக ஆய்வாளரும் கட்டுரை எழுதினார்கள். அந்தப் பூனைகளுக்கு நேர்ந்ததை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சியெல்லாம் வெறும் நம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு அவைதான் நினைவுக்கு வரும். குணமாகிவிடுவோம் என்ற எதிர்பார்ப்பு பூனைக்கு ஏது?

இன்றைய பயிற்சி இவற்றின் தொடர்ச்சிதான். தலையில் சில லீடுகள், காதில் கிளிப், எதிரே திரை. தேவையான அலை கூடும்போது திரையில் படம் தெளிவாகும் அல்லது இசை கேட்கும், குறைந்தால் மங்கும். அரை மணி அல்லது முக்கால் மணி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் 20-இலிருந்து 40 அமர்வுகள். உள்ளே மின்சாரம் எதுவும் செலுத்துவதில்லை, எடுத்துக் காட்டுவது மட்டும்தான். சொந்தக்காரர்கள் ஷாக் வைப்பது என்று பயமுறுத்தினால் நம்பாதே.

எங்களிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் கத்திவிட்டு, இரவெல்லாம் அழுதுகொண்டு தூங்காமல் இருப்பவர். ஆரம்பத்தில் திரையை முறைத்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அலையை ஏற்றப் பார்த்தார். எவ்வளவு முயன்றாரோ அவ்வளவுக்கு அது இறங்கியது. ஒருநாள் சலித்துப்போய்த் தோளைத் தளர்த்தி மூச்சை விட்டார், உடனே இசை கேட்டது. அவர் முகத்தில் வந்த வியப்பை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் உளவியலாளர் அவரோடு உட்கார்ந்து, எப்போது இசை நின்றது, அப்போது உடம்பில் என்ன இருந்தது என்று பேசுவார். கோபம் வருவதற்கு முன்பே வலது தோளும் கழுத்தும் இறுகுவதை அவரே கண்டுபிடித்தார். சில வாரம் கழித்து அவருடைய மகள் எங்களிடம், "அம்மா கத்தப் போறாங்கன்னு நினைக்கிறேன், ஆனா எழுந்து தண்ணி குடிக்கப் போயிடறாங்க" என்றாள்.

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பணம் கட்டப்போகிறவள் நீ. பழைய மனக்காயத்தால் அவதிப்படும் 52 பேரை வைத்து அமெரிக்காவில் பெஸல் வான் டெர் கோல்க் குழு நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. பயிற்சி எடுத்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம், உணர்ச்சியைக் கையாள்வதிலும்கூட. ஆனால் சும்மா காத்திருந்தவர்களோடுதான் ஒப்பிட்டிருந்தார்கள். யாராவது நம்மைக் கவனித்தாலே பாதி பாரம் குறையும் இல்லையா? கவனம் நிலைக்காத கோளாறு (ஏ.டி.எச்.டி.) உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகள் 140-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு இதைவிடக் கறாரானது. சிலருக்கு நிஜப் பயிற்சி, சிலருக்குப் போலித் திரை, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. 2021-இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவுமே நன்றாக முன்னேறியிருந்தன, இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே 'இந்த அலையை ஏற்றினோம், நோய் போய்விட்டது' என்று யாராவது சொன்னால், அதற்கான ஆதாரம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. அசையாமல் உட்காரப் பழகுவது, அக்கறையான ஒருவர் கூட இருப்பது, தன்னால் முடியும் என்று காண்பது, இவையெல்லாமும் அந்த அறையில் வேலை செய்கின்றன.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சீனா, பல்தேவ் சிங் என்ற மருத்துவ ஆய்வாளர் மூவரும் யோகிகளுக்கு இ.இ.ஜி. எடுத்து 1961-இல் எழுதினார்கள். இதில் பல்தேவ் சிங் வேலூரில் மூளை அறுவை மருத்துவர் ஜேக்கப் சாண்டியோடு வேலை பார்த்தவர். தியானத்தில் இருந்தபோது வெளியே சத்தமும் வெளிச்சமும் கொடுத்தும் யோகிகளின் ஆல்ஃபா கலையவில்லை. இருவர் 4 டிகிரி குளிர் நீரில் முக்கால் மணிக்கும் மேலாகக் கையை வைத்திருந்தும் அப்படியே ஓடியது. திரையும் மணியும் இல்லாமல் வருஷக்கணக்கான பழக்கத்தில் வந்தது அது. கார்த்தியின் வயதில் உட்கார்ந்து கண்ணை மூடு என்றால் கேட்க மாட்டான், திரை என்றால் ஒருவேளை உட்காருவான். கருவிக்கு அந்த அளவில் மதிப்பு உண்டு.

அந்த மையத்துக்குப் போனால் முதலில் அங்கே தகுதியுள்ள உளவியலாளரோ மனநல மருத்துவரோ இருக்கிறாரா என்று பார். பல் கடிப்பதும் கண் சிமிட்டுவதும் அலைபோலவே திரையில் விழும். அதைப் பிரித்தறியத் தெரிந்தவர் லீடு வைக்கிறாரா என்று கேள். நெற்றிப் பட்டையை மட்டும் மாட்டி வண்ணப் படம் அச்சடித்துக் கொடுத்து, மூளையில் இந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது என்றால் எழுந்து வந்துவிடு. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதே. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த வாசல்படியே மிதிக்காதே.

அதற்கும் முன்னால் கார்த்தியை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. நாள் கணக்கில் கதவைச் சாத்திக்கொள்வதைக் கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அவனிடம் நான் பேச வேண்டும் என்றால் சொல். சின்ன வயதில் அத்தை அத்தை என்று என் பின்னாலேயே சுற்றியவன், என்னிடம் மனம் திறந்தாலும் திறப்பான்.

குழந்தையின் பெயர்சூட்டு அடுத்த மாதம் இருக்கும், தேதி குறித்ததும் போன் செய்கிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் தங்கு. டாக்டர் எழுதிய சீட்டு ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
கோமதி