எல்லாமே அளவுகோல் ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்திலும் கல்விப் பக்கத்திலும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது ஸ்டாண்டர்ட், பெஞ்ச்மார்க், கிரைட்டீரியா, யார்ட்ஸ்டிக், டச்ஸ்டோன் ஆகிய அனைத்துக்கும் ‘அளவுகோல்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடும் வழக்கம் வளர்ந்து வருகிறது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுபவை என்ற அளவில் இவை உறவுச் சொற்களே. ஆனால் எதை வைத்து ஒப்பிடுகிறோம், அதை வகுத்தவர் யார், ஒப்பிட்ட பின் கையில் கிடைப்பது அளவா தீர்ப்பா என்று கேட்டால் ஒவ்வொரு சொல்லும் வேறு பதில் சொல்லும்.

நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், பெஞ்ச்மார்க் என்ற சொல் படும் பாடுதான் முதலில் என் கண்ணை உறுத்துகிறது. அது அளவையாளர்களின் சொல். உயரம் துல்லியமாகக் கண்டறியப்பட்ட ஓர் இடத்தில், அசையாத கல்லிலோ கான்கிரீட்டிலோ நிலையாகப் பதித்து வைக்கும் குறி அது. மட்டம் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குறியின் மேல் மட்டக்கோலை நேராக நிறுத்தச் சொல்லி, கருவியின் வழியே முதல் எண்ணைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகே, சாலைக்கோ வாய்க்காலுக்கோ உயரம் குறிக்கத் தொடங்குவார்கள். தீபகற்ப மலேசியாவில் அந்த உயரங்களுக்கெல்லாம் ஆதாரம் கிள்ளான் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டம். அத்துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1911, 1912 ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பின்னர் 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அலைமானி, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி, பதிவு செய்ததைக் கொண்டு உயரக் கணக்குக்குப் புதிய அடிமட்டம் வகுக்கப்பட்டது.

ஆகவே பெஞ்ச்மார்க் என்பது கணக்கு தொடங்கும் இடம். கடலோரக் குறி ஒன்று கடல்மட்டத்துக்கு மேலே சில மீட்டர் மட்டுமே இருக்கலாம். கேமரன் மலையில் உள்ளது ஆயிரம் மீட்டருக்கும் மேல் இருக்கலாம். பயனில் இரண்டும் சமம். இதை எட்ட வேண்டிய இலக்கைப் போல எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பங்குச் சந்தைச் செய்தியே சான்று. 30 பெரிய நிறுவனங்களைக் கொண்ட கோலாலம்பூர் கூட்டுப் பங்குக் குறியீட்டை, பலரது சேமிப்பைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் நிதிகள் பல பெஞ்ச்மார்க்காக வைத்துக்கொள்கின்றன. ஓர் ஆண்டில் அக்குறியீடு 10 விழுக்காடு சரிந்து, நிதி 6 விழுக்காடு மட்டும் சரிந்தால், நிதி தன் பெஞ்ச்மார்க்கை மிஞ்சிவிட்டதாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அது சரியே. அதையே தமிழில் ‘அளவுகோலைத் தாண்டிச் சாதனை’ என்று போட்டால், சேமிப்பு கரைந்து நிற்கும் வாசகர் எதை நினைத்து மகிழ்வது? விளையாட்டுச் செய்திகளில் உயர்ந்த சாதனைக்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லை ஆளுகிறார்கள் என்பது உண்மைதான். அங்கும், அடுத்து வருபவரை இதிலிருந்து பாருங்கள் என்பதே உட்பொருள். மலாய்மொழியினர் மட்டத்தைக் குறிக்கும் ‘அராஸ்’ என்ற சொல்லை விடாமல் ‘பெனண்டா அராஸ்’ என்று எழுதுகிறார்கள். நாமும் ‘மட்டக்குறி’ என்று எழுதலாம்.

டச்ஸ்டோன் பற்றிய என் வருத்தம் வேறு வகையானது, ஏனெனில் அதற்கு ‘உரைகல்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கருங்கல்லில் நகையை ஓர் இழை இழைத்து, அருகிலேயே மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, தெரிந்த உரையாணி என்ற ஊசியால் இன்னோர் இழை இழைத்து, இரண்டின் மேலும் அமிலத்தைத் தடவி, எந்தக் கோடு நிற்கிறது, எது மங்குகிறது என்று பார்க்கும் பத்தர்களைப் பினாங்கு லெபோ பாசாரில் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். இப்போது கதிர்களைச் செலுத்தித் தூய்மையைச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்பதைக் குறிக்கும் 916 முத்திரையைப் பார்த்தே பலரும் வாங்கிவிடுகிறோம். கல்லுக்கோ எடையும் நீளமும் சொல்லத் தெரியாது. பொன்னா போலியா, பொன்னென்றால் எந்த மாற்று என்பதை மட்டுமே அது காட்டும். ‘தத்தம் கருமமே கட்டளைக்கல்’ என்று வள்ளுவர் சொன்னதும் இந்தக் கல்லைத்தான். ஒருவரது நேர்மை சோதிக்கப்படும் தருணத்துக்கு இச்சொல் பொருந்தும். விலைவாசி உயர்வுக்குப் பொருந்தாது.

ஸ்டாண்டர்ட் என்பதில் அதிகாரம் உண்டு. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்கான மலேசியத் தரம் எம்.எஸ். 1. சந்தையில் உள்ள மற்றக் கவசங்கள் எப்படி இருந்தாலும், ஒரு கவசம் அத்தரத்தை நிறைவு செய்கிறதா இல்லையா என்பதே கேள்வி. எனவே ‘தரம்’ அல்லது ‘தரநிலை’ போதும். 

உண்மையான பாதிப்பு கிரைட்டீரியாவில்தான். அண்மையில் நான் படித்த ஓர் உதவிநிதி அறிவிப்பின் தமிழ் வடிவத்தில், குடும்ப வருமானம், வயது, குடியுரிமை ஆகியவை ‘தேர்வின் அளவுகோல்கள்’ என்று தரப்பட்டிருந்தன. வருமானம் எவ்வளவு குறைவோ அவ்வளவு வாய்ப்பு கூடும் என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலர் எண்ணிக்கொண்டனர். ஆங்கில மூலத்தில் இருந்ததோ வரம்புக்குள் இருந்தால் போதும் என்ற நிபந்தனை. கிரேக்க மொழியில் தீர்ப்பளிப்பவரைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது கிரைட்டீரியன். எதைப் பார்த்து முடிவு செய்யப்படுகிறது என்பதே அதன் பொருள். ‘தகுதி விதிகள்’ என்று எழுதியிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. கிரைட்டீரியா பன்மை என்பதால், ‘ஒரு கிரைட்டீரியா’ என்று எழுதுவதையும் தவிர்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அளவுகோலுக்கு மிஞ்சுவது யார்ட்ஸ்டிக், அதற்கு அது மிகப் பொருத்தம். ஒரு யார்ட், அதாவது ஒரு கஜம், 0.9144 மீட்டர் என்று 1959 இல் பல நாடுகள் இசைந்து வரையறுத்தன. ஆனால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில் கோலை வைத்துத் துணி அளப்பவர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. கைக்கு எளிதாக எடுத்து வைத்துப் பார்க்கும் தோராயமான ஒப்பீடு என்பதே ஆங்கிலத்திலும் அதன் தொனி. ‘வெற்றிக்குப் பணம்தான் அளவுகோலா’ என்று கேட்கிறோமே, அந்த இடம்.

உதவிநிதி, உயர்கல்வி அறிவிப்புகளைத் தமிழில் வெளியிடும் முன் இச்சொற்களை ஆங்கில மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்குமாறு தங்கள் துணையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவைப் பணியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.