பனிச்சறுக்குக்கும் நீர்க்கணக்கு உண்டு

ஆசிரியருக்கு,

பனிச்சறுக்குத் தலங்களில் தூவும் செயற்கைப் பனிக்கு ரசாயனம் வேண்டும், தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும் என்று சிலர் நினைக்கலாம். ரசாயனம் அவசியமில்லை. தண்ணீரும் அழுத்தக் காற்றும் போதும். பீய்ச்சும்போது விரியும் காற்று குளிர்ந்து நுண்துளிகளை உறையவைக்கும். மற்ற துளிகள் அவற்றில் ஒட்டிப் பனியாகும். பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. அது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். காற்று வறண்டிருந்தால், சாதாரண வெப்பமானி 1 டிகிரி காட்டும்போதும் துளிகள் ஆவியாகிக் குளிர்ந்து பனி விழும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதிதான். ஈரப்பதம் ஏறினால் சேறுதான் மிஞ்சும்.

ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. பனிக்குச் சுமார் 10 லட்சம் லிட்டர், அதாவது வயலில் நாலு அங்குலத் தண்ணீர். நெல்லுக்கு இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பாய்ச்சுகிறோம்! பனிச்சறுக்குத் தலங்களில் கையைக் கடிப்பது மின்கட்டணம். குளிர் குறையக் குறைய அழுத்தக் காற்று அதிகம் வேண்டும். பனியோ குறைவாகவே கிடைக்கும்.

– வாசகர், திருவையாறு