ஜாவா லேபில் அந்தப் பழைய டேட் இன்னும் எதற்கு?

கல்லூரிகளில் ஜாவா நிரல்மொழி நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஃப்ரெஷர்களாக வரும் பிள்ளைகள் எழுதும் கோடைப் பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அதில் ஓயாமல் தலைகாட்டும் நேரம் ஒன்று உண்டு: 18:30. படிவத்தில் பிறந்த தேதி 15-08-2004 என்று இருக்கும். ஜேசனாக (நிரல்கள் தகவலைப் பரிமாறும் எழுத்து வடிவம்) வெளியே போகும்போது அது 14-08-2004, 18:30 ஆகியிருக்கும். ஜாவாவின் பழைய தேதி வகையான ஜாவா.யூட்டில் டேட்டுக்குப் பெயர்தான் தேதி. உள்ளே இருப்பது 1970 ஜனவரி 1 யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எண்ணிய மில்லிசெகண்டுகள். நம் ஊரில் 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு, யுடிசியில் முந்தைய நாள் 18:30. தேதியை மட்டும் நறுக்கி எடுத்தால் பிள்ளை ஒரு நாள் முன்னாலேயே பிறந்துவிடுகிறது. உடனே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டுகிறார்கள். சர்வரின் நேர அமைப்பை யாராவது மாற்றினால் அதுவும் போச்சு.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரெக்கார்டு நோட்டில் எழுதியதைத்தான் எழுதுகிறார்கள். 2024 ஆகஸ்ட் 15 என்பதற்கு 124, 7, 15 என்று கொடுக்கச் சொல்லும், டேட்டை உருவாக்கும் அந்த கன்ஸ்ட்ரக்டர், 1997இல் வந்த ஜாவா 1.1இலேயே கைவிடப்பட்டது. வருடத்தில் 1900ஐக் கழி, மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணு என்பதை இன்னுமா மனப்பாடம் செய்ய வேண்டும்? பின்னால் வந்த கேலண்டர் வகையும் மாதப் பூஜ்யத்தை விடவில்லை.

மாற்று கையிலேயே இருக்கிறது. ஜோடா-டைம் என்ற தேதி-நேர நிரல் நூலகத்தை எழுதிய ஸ்டீஃபன் கோல்போர்ன் முன்னின்று உருவாக்கிய ஜாவா.டைம், 2014 மார்ச்சில் ஜாவா 8உடன் வந்தது. பிறந்த தேதிக்கு லோக்கல்டேட் (நேரமில்லாத வெறும் தேதி). பணம் ஏறிய கணத்துக்கு இன்ஸ்டன்ட் (எந்த ஊருக்கும் பொதுவான ஒரு கணம்). அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் கூட்டத்துக்கு ஸோன்ட்டேட்டைம் (நேர மண்டலத்தோடு கூடிய தேதியும் நேரமும்). எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்தால் 18:30 தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

கொழும்பைச் சும்மா சொல்லவில்லை. இலங்கை 1996இல் யுடிசியிலிருந்து தன் கடிகார வித்தியாசத்தை ஆறரை மணி நேரத்துக்கு நகர்த்தியது, அதே ஆண்டில் ஆறுக்கு இறக்கியது, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. வெறும் +5:30 என்று சேமித்தால் இந்த வரலாறு தெரியாது; ஏசியா/கொழும்பு என்று மண்டலப் பெயரோடு சேமித்தால் நூலகமே பார்த்துக்கொள்ளும்.

புதியதிலும் சறுக்குமிடங்கள் உண்டு. வருடத்தைப் பெரிய எழுத்து ஒய்யால் ஃபார்மட் செய்தால் 31-12-2024 என்பது 31-12-2025 என்று அச்சாகும், ஏனென்றால் அது வாரக் கணக்கு வருடம், அதாவது அந்த வாரம் எந்த வருடத்தோடு சேருகிறதோ அது. டிசம்பர் கடைசி வாரம் வரை இந்தத் தப்பு வாயைத் திறக்காது, டெஸ்டிங்கிலும் சிக்காது.

நான் கேட்பது பாடத்திட்டத்தில் ஒரு யூனிட் அல்ல, ஒரே ஒரு லேப் பயிற்சி. பிறந்த தேதியை வாங்கி வயதை வருடம், மாதம், நாளாகச் சொல்லும் நிரல், லோக்கல்டேட்டும், இரு தேதிகளின் இடைவெளியைச் சொல்லும் பீரியடும் வைத்து. ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும் என்று அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். வைவாவுக்குக் கேள்வி வேண்டுமானால் என்னிடம் ஒன்று உண்டு: சென்னையில் காலை 10 மணி, சிங்கப்பூரில் மதியம் 12:30. இரண்டும் ஒரே கணம்தான். அப்படியிருக்க, இரண்டு ஸோன்ட்டேட்டைம்களை ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிட்டால் ஏன் இல்லை என்கிறது, ஈஸ்ஈக்வல் போட்டால் ஏன் ஆமாம் என்கிறது? இதற்கு யோசித்துப் பதில் சொல்லும் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜாவா எழுதிப் பிழைக்கும் ஒருவன், சென்னை