இடுப்புக்கு ஆன செலவு

அன்புள்ள கயல்,

என் இடுப்பு வலி ஆபரேஷனுக்கு நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. அதை நான் தொடப்போவதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவளுக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. கால் மரத்துப் போகவில்லை, பாதம் தொங்கவில்லை, சிறுநீர் என்னை அறியாமல் போகவில்லை. இதில் ஒன்று வந்தாலும் அன்றே போய்ப் படுத்துவிடுவேன். எனக்கு இருப்பது வெறும் வலி. அதற்கு ராடு வைத்து முதுகெலும்பை ஒட்டவைக்கச் சொல்கிறார்கள். நீ வேலை பார்க்கும் இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016-லேயே, வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஆபரேஷனை ஆராய்ச்சிக்காக அல்லாமல் செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கே செய்யாததை எனக்கு ஏன் செய்யச் சொல்கிறாய்?

அப்பாவின் மளிகைக் கணக்கு நோட்டு இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் ஐந்து வருஷமாக இடுப்புச் செலவை எழுதி வருகிறேன். போன வாரம் கூட்டிப் பார்த்தேன். மாத்திரைக்கு 11,400 ரூபாய். ஸ்கேனுக்கு 7,000. உன் அத்தை கேரளாவிலிருந்து வாங்கி வந்த எண்ணெய்க்கு 1,800. வாசம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். மதுரைக்குப் போய்வரக் கார் வாடகை மட்டும் 38,000! தம்பி கடையை அடைத்துவிட்டு என்னோடு வந்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லாவற்றையும் விட நஷ்டம் அந்த ஸ்கேனால்தான். ஸ்கேன் சென்டரில் இருந்த பையன் கவரை நீட்டிக்கொண்டே, “டிஸ்க் பிதுங்கியிருக்கும்மா, எலும்பும் தேஞ்சிருக்கு, குனியாதீங்க” என்றான். ஒரு வருஷம் நான் குனியவே இல்லை. கோலம் போச்சு, குடம் தூக்குவது போச்சு. கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டேன். வலியே இல்லாத அறுபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றில் 69 பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் 88 பேருக்குத் தேய்மானமும் தெரியும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

யாரைக் குறை சொல்வது, நானே என்ன செய்தேன்? களையெடுத்துவிட்டு நேராக வரும் பெண்கள், “ஒரு ஊசி போடுங்கக்கா” என்பார்கள். போடுவேன். அடுத்த வாரம் அதே முகம், அதே இடுப்பு. அவர்களுக்கு அரை நாள் கூலி போகும், எங்களுக்கு மருந்து போகும், ஓபி வரிசை வாசலைத் தாண்டும். உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேச ஆளில்லை. ஊசிக்கு அரை நிமிஷம் போதுமே. 2020-ல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலியாம். அத்தனை பேரும் ஊசிக்கு நின்றால் எந்த ஆஸ்பத்திரி தாங்கும்?

அந்த ஊசி டைக்ளோஃபெனாக். அதைப் போட்ட மாடு செத்தபின் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் மாடுகளுக்குத் தடை செய்தார்கள். நாம் கழுகு இல்லைதான். ஆனால் இரண்டு வருஷம் தினமும் அதே மருந்தை மாத்திரையாக விழுங்கியதில், சிறுநீரகம் சரியில்லை என்று காட்டும் கிரியாட்டினின் அளவு எனக்கு ஏறிவிட்டது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். நர்ஸுக்கே இந்தக் கதி.

இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வருகிறாள். முதல் நாள் ஸ்கேனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கால் குடம் தண்ணீரைத் தரையில் வைத்துத் தூக்கச் சொன்னாள். கை நடுங்கியது. முட்டியை மடக்கித் தூக்கினேன். வலித்தது. “வலிக்கட்டும், உடையாது” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்போது முக்கால் குடம் தூக்குகிறேன். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில ராத்திரி புரண்டு படுக்க முடியாது. மறுநாள் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், நிறுத்துவதில்லை.

பணத்தில் டிக்கெட் போடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பேத்தியை மட்டும் கூட்டி வா, பொங்கலுக்கு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் “வலி எப்படிம்மா இருக்கு” என்று ஆரம்பிக்காதே. நீ கேட்டதும்தான் அதைத் தேடிப் பார்க்கிறேன். வாசலில் எத்தனை புள்ளி வைத்தாய் என்று கேள். நேற்று ஏழு.

அம்மா