வாசகர் வட்ட ஆண்டறிக்கை: சீட்டுப் பெட்டிக்கு வந்த கேள்விகள்

தலைவர், நூலகர், வட்டத்து நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கடைசி ஞாயிறு மாலை நூலக மாடியில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியைச் சீட்டுப் பெட்டிக்கே ஒதுக்குகிறேன், இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான வேலை அதுதான்.

பெயர் போடாமல் உங்கள் கஷ்டத்தை எழுதிப் போடுங்கள், அதற்கு ஏற்ற புத்தகத்தைப் பலகையில் எழுதுகிறோம் என்று அறிவித்திருந்தோம். முதலில் வந்ததெல்லாம் ‘தன்னம்பிக்கை வளர என்ன படிக்கலாம்’ வகைதான். அப்புறம் நம் திருப்பூர் பேச ஆரம்பித்தது. ஒரு சீட்டு, டெலிவரி சலானின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது: ‘கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி வருகிறேன். ஏதாவது படிக்கக் கொடுங்கள்.’ கூட்டத்தில் இதை வாசித்ததும் யாரும் உடனே புத்தகப் பெயர் சொல்லவில்லை.

முன்னேற்ற நூல் கொடுக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் அதை எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். வேலை போனவனிடம் காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, இலக்கை எழுதி வை என்று சொல்லும் புத்தகத்தைக் கொடுத்தால், எல்லாம் தன் தப்புதானோ என்றுதான் அவன் மேலும் குமைவான். கடைசியில் அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையை எழுதிப்போட்டோம். வாய்ப்புக் கேட்டு சினிமா ஸ்டுடியோவுக்கு வரும் காதர், அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறான். அவன் திறமையில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் வேலை கிடைப்பதில்லை. இதைப் படித்தால் வேலை கிடைத்துவிடாது, சரி. ஆனால் கையில் தொழில் இருந்தும் வெளியே நிற்கிறவனை இன்னொருவர் மதிப்போடு பார்த்திருக்கிறார் என்பது தெரியும். அடுத்த மாதம் அதே கையெழுத்தில், ‘இதே மாதிரி இன்னொன்று’ என்று சீட்டு வந்தது. அவர் வீட்டில் சொல்லிவிட்டாரா என்று தெரியவில்லை.

படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகிற ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. சமைத்து வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்கு ஓடும் பிரமநாயகம் பிள்ளையை, எண்பது ஆண்டு கழித்தும் நம் தெருவில் பார்க்கலாம். முடிவு மரணம் என்பதால் கொடுக்கலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. அதையும் பலகையில் சொல்லிவிட்டே கொடுத்தோம். நாட்டுடைமையான எழுத்து என்பதால் நகலெடுத்து வைப்பதிலும் சிக்கல் இல்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டிலேயே கனமான கூட்டம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அப்பா அம்மா பேச்சை மீறி ஆட்டோ ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்ட ரேவதி, தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பாவிடம் பணம் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. எப்போதும் பின்வரிசையில் உட்காரும் ஒரு அண்ணன் அன்று எழுந்து, தன் மகளோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அதற்காக உறுப்பினர்களுக்கு என் தனி நன்றி.

பெண்களின் சீட்டுகளுக்கு அதிகம் எழுதிப்போட்டது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. வாழ்வே வேண்டாம் என்ற நிலையில் இருக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும் இடத்தை ஒரு அக்கா வாசித்துக் காட்டினார். ஊர் சார்ந்து கேட்டவர்களுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, நம் ஊரும் பனியன் தொழிலும் வளர்ந்த காலத்து நண்பர்களின் கதை. பெரிய நாவல். ஓவர்டைம் முடித்து வருகிறவர்களுக்குச் சிறுகதையிலிருந்து தொடங்குவதே நல்லது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டோம்.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. இதற்குப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று ஒரே குரலில் முடிவெடுத்தோம். அன்றே பெட்டியின் மேல் 104, 14416 என்ற இரண்டு இலவச உதவி எண்களையும் பெரிய எழுத்தில் ஒட்டினோம். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எழுதியவர் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடமோ நூலகரிடமோ வாருங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

நம்மால் பதில் சொல்ல முடியாமல் போன சீட்டுகளும் உண்டு. செல்போன் செயலியில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர், மறதி நோய் வந்த அம்மாவோடு தனியாக இருப்பவர், நாற்பது வயதில் கல்யாணம் ஆகாமல் ஒவ்வொரு விசேஷத்திலும் பதில் சொல்லியே களைத்தவர். இவர்களுக்குப் பொருத்தமான கதை, கவிதை, கட்டுரை தெரிந்தவர்கள் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். பெயர் மட்டும் போதாது. அது உங்களுக்கு எந்த நேரத்தில் கைகொடுத்தது என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். பலகையில் அதையும் சேர்த்தே போடுவோம்.

நன்றி.
செயலாளர்