முதலாளி இல்லாத பட்டறை

கிளாஸ்கோ,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் மைனியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மைக்கு முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் பேசும்போது, "அங்க உங்களுக்கு முதலாளி யாரு?" என்று கேட்டீர்கள். நான் சொல்லத் தொடங்கும்போதே மயிலாடியில் நம் கல்சிலைப் பட்டறைக்கு லாரி வந்துவிட்டது, நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மைனிக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்களுக்கு முதலாளி கிடையாது. ஏழு பேர் சேர்ந்து நடத்துகிற பட்டறை இது. மூன்று பேர் சிற்பிகள், நான் உட்பட. வெல்டிங்கும் இரும்புச் சட்டமும் ஒரு போலந்துக்காரர் கையில். அச்சு எடுப்பதற்கு ஒரு அக்கா இருக்கிறார். சிலிக்கோன் ரப்பர் அச்சிலிருந்து ஃபைபர் வார்ப்பை உரித்து எடுத்தால் இணைப்புக் கோடு எங்கே என்று தேட வேண்டும், அப்படி ஒரு கை. மற்ற ரெண்டு பேரில் ஒருவர் தச்சர், ஒருத்தி பெயின்ட் வேலை செய்கிறவள். யார் எந்த வேலை செய்தாலும் நாள்கூலி ஒன்றுதான். வருகிற பணத்தில் முதலில் வாடகை, கரண்ட், இன்சூரன்ஸ். அப்புறம் மிஷினுக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் கூலியில் கை வைப்போம். கணக்கு நோட்டு ஒருவரிடமே இருக்காது, மாறி மாறிப் பார்ப்போம். திங்கட்கிழமை காலையில் டீ போட்டுக்கொண்டு எல்லாரும் உட்காருவோம். புது வேலையை எடுப்பதா வேண்டாமா, என்ன விலை சொல்வது, எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். ஆளுக்கு ஒரு ஓட்டு. பெரிய செலவு என்றால் ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும்.

"கூட்டு என்றாலே சண்டைதான்" என்பீர்கள். சண்டை வருகிறது அண்ணே. ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஒருவர் விலகினால் அவர் பங்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் கொடுக்க வேண்டும், ஒருவர் வெளியே தனியாக எடுக்கும் வேலைக்கு நம் மிஷினைப் பயன்படுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நான் சேருவதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒத்துப்போகிற நாளிலேயே எழுதி வைத்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம்.

எங்களுக்கு ரெண்டு விதமான வேலை வரும். ஒன்று, பூங்கா, ஆற்றங்கரை, பள்ளிக்கூட வாசல் மாதிரி பொது இடங்களில் வைக்கிற சிற்பம். இன்னொன்று, நாடக அரங்குகளுக்குச் செட். சிற்பம் முடிய ரெண்டு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். பணமும் தவணை தவணையாகத்தான் வரும். செட் வேலை ஆறேழு வாரத்தில் முடிந்து கையில் பணம் வந்துவிடும். ஒன்று பட்டறைக்குப் பெயர் வாங்கித் தருகிறது, மற்றது வாடகை கட்டுகிறது. ரெண்டையும் சேர்த்துச் செய்வதால்தான் இந்தப் பட்டறை ஓடுகிறது.

செட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் இதுவரை பார்த்ததில்லை. அரங்க வடிவமைப்பாளர் முதலில் ஒரு பெட்டிக்குள் மேடையின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவருவார். இங்கே அதற்கு வழக்கமான அளவு 25-இல் ஒரு பங்கு. ஆள் பொம்மை ஏழு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். நம் 133 அடி வள்ளுவரை அந்தக் கணக்கில் செய்தால் 1.62 மீட்டர் வரும், கிட்டத்தட்ட மைனி உயரம். அந்த மாதிரியை வைத்துத்தான் எங்கள் வேலை தொடங்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு பாழடைந்த கோட்டைச் சுவர் செய்தோம். எல்லாம் தெர்மோகோல். நம் ஊரில் கிறிஸ்துமஸ் குடில் போடும்போது பையன்கள் பிளேடால் அறுப்பார்களே, அதே பொருள்தான், ஆனால் ஆள் உயரக் கட்டிகளாக வரும். சூடான கம்பியை இழுத்தால் வெட்டிக்கொண்டு போகும். அப்புறம் அரம், கம்பிப் பிரஷ், கத்தி. வடிவம் வந்ததும் பாலியூரியா என்கிற பூச்சை ஸ்ப்ரே அடிப்போம். அது நிமிஷக் கணக்கில் இறுகி ஓடு கட்டிவிடும், நடிகர்கள் ஏறி மிதித்தாலும் தாங்கும். எளிதில் தீப்பிடிக்காத தரம் என்று சான்று இருந்தால்தான் அரங்கத்துக்குள் விடுவார்கள். சுவர் மொத்தத்தையும் லாரிக்குள் போகிற அளவுக்குத் துண்டு துண்டாகக் கழற்ற வரவேண்டும். அந்த இணைப்புகளைக் கல்லின் இடுக்கோடு இடுக்காக ஒளித்துவைப்பதில்தான் திறமை.

அந்தச் சுவரில் மற்றவர்கள் கத்தியால் இஷ்டத்துக்குக் கொத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ஒரு ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து கொத்தினால் உளித்தடம் ஒரு சாய்வில் வரிசையாக விழும், கை எட்டாத இடத்தில் சாய்வு மாறும், அங்கே அவன் எழுந்து நகர்ந்திருக்கிறான் என்று தெரியும். பாறையை ஆப்பு வைத்துப் பிளந்திருந்தால் விளிம்பில் வரிசையாக அரைக்குழி நிற்கும். இதையெல்லாம் ஒரு கட்டியில் செய்து காட்டினேன். அந்தப் போலந்துக்காரர் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யாரிடம் கற்றாய்?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சுசீந்திரத்து இசைத்தூண்களை ஒரே கல்லில் குடைந்திருப்பதையும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரையும் போனில் காட்டினேன். அன்றைக்கு வேலை அவ்வளவுதான், எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். மாமல்லபுரம் கல்லூரியில் நான் படித்ததைவிட, அப்பா என்னிடம் நூலும் காவியும் கொடுத்துக் கோடு போடச் சொன்ன நாட்கள்தான் இங்கே அதிகம் கைகொடுக்கின்றன. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு உளி என்று தெருவே கேட்டபோதும் அவர் கொடுத்தார்.

நாடகம் மூன்று வாரம் நடந்தது. முடிந்த ராத்திரியே சுவரைக் கழற்றிவிட்டார்கள். இரும்புச் சட்டம் மட்டும் எங்களுக்குத் திரும்பி வந்தது, அதை அடுத்த வேலைக்கு வெட்டிக்கொண்டோம். ஆயிரம் வருஷம் நிற்கிற வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்துவிட்டு இதைச் செய்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் தினமும் வந்தவர்கள் அதைக் கல்லென்றே நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக உழைத்த உழைப்பில் குறை வைக்கவில்லை.

பொது இடத்துச் சிற்பம் வேறு மாதிரி. கல்லைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பகுதி ஆட்களோடு கூட்டம் போட வேண்டும். கிழவிகள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், "இது எதுக்கு எங்களுக்கு?" என்று நேருக்கு நேர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம் இன்ஜினியர் காற்றின் வேகத்துக்குக் கணக்குப் போடுவார். ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகள் ஏறினால் எங்கே விழுவார்கள், விரல் மாட்டிக்கொள்ளுமா, இருபது வருஷம் கழித்து யார் கழுவிப் பராமரிப்பார்கள் என்பதுவரை எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நம் ஊர் ரவுண்டானாவில் திறந்துவைத்த மறுநாளே கேட்பாரற்றுப் போகிற சிலைகளை நினைத்தால், இந்தப் பேப்பர் வேலை தேவைதான் என்று தோன்றுகிறது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபால்கிர்க் என்கிற ஊரில், கால்வாய் ஓரத்தில் ரெண்டு குதிரைத் தலைகள் நிற்கின்றன. கெல்பிகள் என்று பெயர். ஒவ்வொன்றும் 30 மீட்டர், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆண்டி ஸ்காட் என்கிற கிளாஸ்கோ சிற்பி செய்தது. முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து பார்த்துத்தான் பெரிதாகச் செய்தார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, பீடத்தை விட்டுவிட்டால் நம் வள்ளுவரும் 95 அடி, இதே உயரம்தானே என்று நினைத்தேன். கடலுக்கு நடுவில், பாறை மேல், கருங்கல்லில்! 2004 சுனாமியையும் தாங்கி நிற்கிறார். உள்ளே அநேகமாக உச்சிவரை கூடாக விட்டு, கல்லைக் கல்லோடு பூட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால் இங்கே வாயைப் பிளக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சிலையே ஒரு கூட்டு வேலைதான் அண்ணே. வரைந்து நடத்தியவர் கணபதி ஸ்தபதி. ஆனால் கல் செதுக்கியது கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் என்று மூன்று இடத்துப் பட்டறைகளில். மூன்று இடத்தில் கொத்திய கல் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்து, 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். இப்போது கண்ணாடிப் பாலம் போட்டபிறகு ஜனங்கள் விவேகானந்தர் பாறையிலிருந்து நேராக நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய வேலையில் பிசகாமல் சேர்ந்து நின்ற நம் ஆட்கள், மயிலாடியில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்துப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் விலையை ஒருவர் உடைக்கிறோம். பிள்ளையாருக்கு நீங்கள் ஒரு விலை சொன்னால் எதிர்த்த பட்டறைக்காரர் இரண்டாயிரம் குறைப்பார், அதற்கும் கீழே மூன்றாமவர் போவார். கடைசியில் வாங்க வந்தவர்தான் விலையைச் சொல்கிறார். அப்பா காலத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், மனது கேட்கவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாகக் கடிதமே. தூசி.

இங்கே கல் அறுக்கும்போது தண்ணீர் ஓடாமல் பிளேடைத் தொடக் கூடாது. கிரைண்டர் பக்கத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், தூசியை அப்படியே உறிஞ்சிவிடும். அதற்கு மேல் முகக்கவசம். அது முகத்தில் சரியாக ஒட்டுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதனை செய்வார்கள். தாடி இருந்தால் ஒட்டாது என்று எங்கள் தச்சரைச் சவரம் செய்யச் சொல்லிவிட்டார்கள். நாம் சாப்பிடுகிற நேரத்தில் துடைப்பத்தால் கூட்டுவோமே, அதுவும் கூடாது, ஈரப்படுத்தித்தான் அள்ள வேண்டும். கல்தூசியில் இருக்கிற சிலிக்கா என்கிற நுண்ணிய பொடி காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாக்குகிறது. ஆனபிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இந்த ஊர் மணற்கல்லில் பெரும்பகுதி சிலிக்காதான், நம் கருங்கல்லிலும் நிறைய உண்டு.

அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருமியதை நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன். "கல்லுத் தொழிலுக்கு இது உள்ளதுதான்" என்று அவரே சொல்லிவிட்டார், நாமும் விட்டுவிட்டோம். உள்ளது இல்லை அண்ணே. அன்றைக்கு உளியும் சுத்தியலும்தான், இப்போது நம் பட்டறையில் நாள் முழுக்க கட்டிங் மிஷின் ஓடுகிறது, தூசி பலமடங்கு. நீங்கள் ஒரு தோர்த்தை வாயில் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். தோர்த்து அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. மருமகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்திலேயே நிற்கிறான் என்று மைனி சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

உறிஞ்சும் மிஷின் ஒரு பட்டறை தனியாக வாங்கினால் பாரம்தான். நாலு பட்டறை சேர்ந்தால் முடியும். அதைப் பொதுவில் வையுங்கள், கம்ப்ரஸரையும் பொதுவில் வையுங்கள். பெரிய கல்லை நகர்த்த கிரேன் கூப்பிட்டால் நாலு பேர் வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து அடிக்கு மேற்பட்ட வேலை வந்தால் சேர்ந்து ஒரே விலை சொல்லுங்கள், ஒருவர் முகம், ஒருவர் பீடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாமி சிலையில் பெயர் வெட்டுவது நம் வழக்கம் இல்லை, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பூங்காவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சிலையின் பீடத்தில் கொத்தியவர்கள் எல்லார் பெயரும் வரட்டும். மெருகு போடுகிற பெண்கள் பெயரும்தான். எங்கள் பட்டறை வேலையில் அப்படித்தான் போடுகிறோம், என் பெயரும் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது.

மற்றபடி இங்கே எல்லாம் சரியாகப் போகிறது. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். பழைய கட்டடங்களின் வாசல் மேல் மணற்கல்லில் அழகழகான முகங்கள் இருக்கின்றன, மழை நனைத்து நனைத்துச் சிலவற்றில் மூக்கே இல்லை. நகர நடுவில் வெலிங்டன் பிரபுவின் குதிரைச் சிலை, 1844-இல் வைத்தது. யாரோ ராத்திரி ஏறி அவர் தலையில் சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். எடுக்க எடுக்கத் திரும்ப வரும். 2013-இல் பீடத்தை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார்கள், ஊரே எதிர்த்ததால் விட்டுவிட்டார்கள். நமக்கு மனது ஒப்பாது, ஆனால் அந்தச் சிலையை இந்த ஊர்க்காரர்கள் தங்களுடையதாக நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. மரச்சீனிக்கிழங்கு ஐஸில் வைத்தது ஒரு கடையில் கிடைக்கிறது, மீன்கறியும் வைக்கிறேன். அம்மை கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், பொய் இல்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் முகக்கவசங்கள் கொடுத்துவிடுகிறேன். அளவு வேண்டும். உங்களுக்கும் பட்டறை ஆட்களுக்கும் மூக்குத் தண்டிலிருந்து தாடைவரை எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்து அனுப்புங்கள். எதிர்த்த பட்டறைக்காரரிடமும் அளவு கேளுங்கள். அதைச் சாக்காக வைத்து மற்றதையும் பேசிப் பாருங்கள், முதலில் அவர் முறைத்தாலும் பரவாயில்லை. எங்கள் கூட்டு ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன சொன்னார் என்று போன் பண்ணுங்கள், இங்கே மத்தியானம் ஒரு மணி என்றால் எனக்குச் சாப்பாட்டு நேரம்.

அன்புடன்,
உங்கள் தங்கை